அறிஞர் அவையும் ஒரு சிறு தீவும்

நுழையும்முன்

வல்லுநர் குழு என்னும் சொல்லை நாள்தோறும் செய்திகளில் கேட்கிறோம். குழு அமைக்கப்பட்டது, குழு அறிக்கை அளித்தது என்பதோடு பெரும்பாலும் செய்தி முடிந்துவிடுகிறது. அறிக்கைக்குப் பின் என்ன நேர்ந்தது என்பது அரிதாகவே நம் செவிக்கு எட்டுகிறது. அறிஞர்களின் சொல்லைக் கேட்டுத் தன் தொழில்வாழ்வையே மாற்றிக்கொண்ட தைவான் தீவின் வரலாற்றையும், அவ்வாறு கேட்டதன் எல்லைகளையும் இப்பாடப்பகுதி விளக்குகிறது.

குடையும் காலணியும்

நம் கையிலுள்ள திறன்பேசியின் உள்ளே நகத்தளவுச் சதுரங்கள் சில பொருத்தப்பட்டிருக்கும். ‘சிப்’ என்று நாம் வழங்கும் அச்சில்லுகளில் பல தைவானில் செய்யப்பட்டவை. ஏறத்தாழ 36,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அத்தீவு, தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. எண்ணெய் வளம் இல்லை. கனிம வளமும் சொல்லத்தக்க அளவில் இல்லை. நிலநடுக்கமும் புயலும் அடிக்கடி தாக்கும் நிலம் அது. அணுவளவு அதிர்வும் பொறுக்காத சில்லுத் தொழில் அங்குப் போய் வேரூன்றியது வியப்புக்குரியது.

1960களில் தைவான் ஏற்றுமதி செய்தவை துணி, காலணி, குடை, விளையாட்டுப் பொம்மை போன்றவை. 1966ஆம் ஆண்டில் காவோசியுங் துறைமுக நகரில் ஏற்றுமதிக்கென்றே தனி மண்டலம் ஒன்று அமைக்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சி செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களும் தீவை நாடி வந்தன. பாகங்கள் கப்பலில் வந்திறங்கின. குறைந்த கூலிக்கு இளம்பெண்கள் அவற்றைப் பொருத்தினர். முடிந்த பொருள்கள் மீண்டும் கப்பலேறின. கூலி தீவில் தங்கியது. பொருளை வடிவமைக்கும் அறிவு கடலுக்கு அப்பாலேயே இருந்தது.

இந்த நிலை நெடுங்காலம் நீடிக்காது என்பதை ஆட்சியில் இருந்தோர் உணரத் தொடங்கினர். இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் நாட்டுக்குத் தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்துவிடும். 1971இல் ஐக்கிய நாடுகள் அவையில் தைவான் தன் இடத்தை இழந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து விலைவாசியைத் தூக்கி நிறுத்தியது. அவ்வாண்டிலேயே அரசு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால், அங்கு எதை ஆராய்வது? இக்கேள்விக்குத் தீவுக்குள் தெளிவான விடை இல்லை.

நான்கு ஆண்டு, ஒரு கோடி டாலர்

1974 பிப்ரவரி 7ஆம் நாள் காலை, தலைநகர் தைப்பேயில் சோயா பால் விற்கும் சிறிய சிற்றுண்டிக் கடை ஒன்றில் எழுவர் கூடினர். பொருளாதார அமைச்சர் சன் யுன்-சுவான், போக்குவரத்து அமைச்சர், தொலைத்தொடர்புத் துறையின் தலைவர், புதிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் எனப் பொறுப்பில் இருந்தோர் ஆறு பேர். ஏழாமவர் பான் வென்-யுவான். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, அந்நாட்டின் ஆர்.சி.ஏ. நிறுவன ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி வந்த பொறியாளர் அவர்.

ஒருங்கிணைந்த சுற்றுத் தொழிலைக் கற்க வேண்டும் என்றார் பான். எத்தனை ஆண்டுகள் ஆகும், எவ்வளவு பணம் வேண்டும் என்று அமைச்சர் கேட்டார். நான்கு ஆண்டுகள், ஒரு கோடி அமெரிக்க டாலர் என்பது விடை. அமைச்சர் இசைந்தார். அவ்வாண்டுக் கோடையில் பான் தைப்பேயில் ஒரு விடுதியில் தங்கித் திட்ட வரைவை எழுதி முடித்தார்.

இக்கதை தைவானில் பலமுறை சொல்லப்பட்டு இன்று ஏறக்குறைய புராணமாகிவிட்டது. சிற்றுண்டிக் கடையில் ஒரு நாட்டின் எதிர்காலம் முடிவானது என்பது கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், அந்தக் காலைப்பொழுதைவிட அதற்குப் பின் நடந்தவையே நம் கவனத்துக்கு உரியவை. ஒரு திட்டத்தை ஏற்றுக்கொள்வது எளிது. அதன் ஒவ்வொரு படியிலும் எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எதை வேண்டாமென்று தள்ளுவது எனத் தீர்மானிக்க வேண்டும். விற்பவர் நல்லதென்று சொல்வதை அப்படியே நம்பினால் காலாவதியான நுட்பம் தலையில் கட்டப்படும். வாங்குபவருக்கோ அதைப் பிரித்தறியும் அறிவு இல்லை. புதிய தொழிலில் இறங்கும் சிறு நாடுகள் அனைத்தும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இதைக் கடப்பதற்காகவே 1974இல் பான் அமெரிக்காவில் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார். அமெரிக்க நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய சீன வழியினரான பொறியாளர்கள் அதில் சேர்ந்தனர். வார நாள்களில் தத்தம் வேலை. விடுமுறை நாள்களில் கூடிப் பேச்சு. பல கூட்டங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் பானின் இல்லத்திலேயே நடந்தன. நுட்பத்தைக் கற்பிக்க முன்வந்த நிறுவனங்களுள் அவர் பணியாற்றிய ஆர்.சி.ஏ.வும் ஒன்று என்பதால், நடுநிலை குறித்த ஐயம் எழாதிருக்க அவர் அந்நிறுவனத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஆலோசனை கூறுவோருக்கு வேண்டிய முதல் தகுதி அறிவு என்று நாம் எண்ணுகிறோம். அந்த அறிவால் தமக்கு ஆதாயம் தேடாமை அதற்குச் சற்றும் குறைந்த தகுதியன்று.

அக்குழு செய்த தெரிவுகளுள் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அக்காலத்தில் சில்லு செய்வோர் பலர் விரைந்து இயங்கும் வகையையே நாடினர். குழுவோ ‘சிமாஸ்’ எனப்படும் வகையைப் பரிந்துரைத்தது. இதில் இருவேறு வகை டிரான்சிஸ்டர்கள் இணையாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று மின்னோட்டத்துக்கு வழிவிடும்போது மற்றொன்று அடைத்து நிற்கும். ஆகவே, நிலை மாறும் கணத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு மின்சாரம் செலவாகிறது. வேகம் அன்று குறைவு; ஆனால், சிறு மின்கலத்தில் நெடுநாள் ஓடும் கைக்கடிகாரத்துக்கு ஏற்றது. பெரிய நிறுவனங்கள் போட்டியிட்ட களத்தில் மோதாமல், அவர்கள் பெரிதாக மதிக்காத பக்கத்தில் நுழைவதற்கு இது வழி. இன்று உலகில் செய்யப்படும் சில்லுகளில் மிகப் பெரும்பாலானவை சிமாஸ் வகையைச் சேர்ந்தவையே.

1976இல் ஆர்.சி.ஏ.வுடன் ஒப்பந்தம் ஆயிற்று. தைவானின் இளம் பொறியாளர்கள் அமெரிக்கா சென்று வடிவமைப்பு, உற்பத்தி, சோதனை எனத் தனித்தனிப் பிரிவுகளில் பயின்றனர். 1977இல் சின்சு நகரில் மாதிரித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஒரு சிலிக்கான் தகட்டில் பல சில்லுகள் பதிக்கப்படும்; அவற்றுள் பழுதின்றித் தேறுவன எத்தனை என்பதே இத்தொழிலின் உரைகல். சின்சு தொழிற்சாலையின் தேர்ச்சி விழுக்காடு, சில மாதங்களிலேயே கற்பித்தவர்களின் எதிர்பார்ப்பைக் கடந்தது. அங்குப் பயின்றவர்களைக் கொண்டு 1980இல் யு.எம்.சி. என்னும் நிறுவனம் பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில் சின்சு அறிவியல் பூங்காவும் திறக்கப்பட்டது.

கேட்கத் தெரிந்தோர்

பழந்தமிழில் ‘சூழ்தல்’ என்றால் கலந்து ஆராய்தல் என்று பொருள். சூழ்ச்சி என்னும் சொல் வஞ்சகத்தைக் குறிக்கலானது பின்னரே. கூடி ஆராய்வது எத்தகைய பயனைத் தரும் என்பது பேசுவோரை மட்டும் பொறுத்ததன்று, கேட்போரையும் பொறுத்தது.

அமைச்சராக இருந்த சன் யுன்-சுவான் அடிப்படையில் மின்பொறியாளர். போருக்குப்பின் சீர்குலைந்து கிடந்த தைவானின் மின்வழங்கலை மீட்டவர்களுள் ஒருவர். 1960களில் நைஜீரியாவின் மின் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தியவர். 1978இல் அவர் தலைமை அமைச்சரானார். அவருக்குத் துணைநின்ற கே. டி. லீ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்தபோது 1937இல் போர் மூண்டதால் படிப்பை விட்டுத் தாயகம் திரும்பியவர். பொருளாதாரத் துறைக்கும் நிதித் துறைக்கும் அமைச்சராக இருந்து ஆட்சியின் உள்வழிகளை நன்கறிந்தவர். வல்லுநர் பேசும் மொழி இவ்விருவருக்கும் புரிந்தது. புரியாத இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

1979இல் அமெரிக்கா தைவானுடன் கொண்டிருந்த அரசுமுறை உறவை முறித்துக்கொண்டது. அந்த நெருக்கடியான ஆண்டில்தான் அரசின் உச்சியில் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசகர் அவை நிறுவப்பட்டது. லீ அதன் ஒருங்கிணைப்பாளர். இயற்பியல் அறிஞர் பிரடெரிக் சைட்ஸ், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பேட்ரிக் ஹாகர்ட்டி, ஐ.பி.எம். நிறுவனத்தின் பாப் எவன்ஸ் போன்ற அயல்நாட்டார் அதில் இடம்பெற்றனர். உள்நாட்டு அலுவலர்கள் தம் திட்டங்களை இவர்கள்முன் வைத்து, கேள்விகளுக்கு விடை கூற வேண்டும்.

ஏன் அயல்நாட்டார்? அனுபவம் ஒரு காரணம். மற்றொன்று வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கே நிதி வேண்டுமென்று கேட்கும் இடத்தில், எந்தத் துறைக்கும் கட்டுப்படாத ஒருவர், ‘இது வீண் செலவு’ என்று கூசாமல் சொல்ல முடியும். உள்ளூர் அலுவலர் அதையே சொன்னால் பகை வளரும். வெளியூர்த் துறவிக்கே மந்திரம் நன்றாக ஓத வரும் என்று சீனர் வழக்கில் ஒரு பழமொழி உண்டு. அது எள்ளலாகச் சொல்லப்பட்டது. லீ அதையே கருவியாக்கிக்கொண்டார் என்று கருதலாம். தாம் சொன்னால் எடுபடாத கருத்துக்கு அயலார் வாக்கு வலுச்சேர்க்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஊசிமுனையில் ஒரு முடிவு

தொழில்நுட்பம் என்றவுடன் இயந்திரங்களையே நினைக்கிறோம். தைவான் 1979இல் ஆற்றல், மூலப்பொருள், தகவல், தானியங்கியாக்கம் ஆகிய நான்கு துறைகளை முதன்மையானவையாக வரையறுத்தது. 1982இல் மேலும் நான்கு சேர்ந்தன. அவற்றுள் ஒன்று கல்லீரல் அழற்சி நோய்த் தடுப்பு.

அன்று தைவானில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஹெபடைடிஸ் பி வைரஸைத் தாங்கியிருந்தனர். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் இவ்வைரஸ், பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னாளில் கல்லீரல் புற்றாக மாறுகிறது. தடுப்பூசி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. மனிதக் குருதிநீரிலிருந்து தயாரிக்கப்பட்டது. நம் குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்குவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. புதிய மருந்தொன்றைப் பிறந்த குழந்தைக்குச் செலுத்தும் முன் எந்தப் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆய்வுகள் நடத்தப்பட்டு, அயல்நாட்டு வல்லுநர்களால் மதிப்பிடப்பட்ட பின்னரே அரசு முடிவெடுத்தது.

1984 ஜூலையில் வைரஸ் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கிற்று. 1986இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நாடு தழுவிய அளவில் இதைச் செய்தவற்றுள் உலகிலேயே முன்னோடித் திட்டம் அது. 1997இல் வெளியான ஆய்வொன்று, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. தடுப்பூசி ஒன்றால் மனிதப் புற்றுநோய் குறைந்தது என்பதற்கு அதுவே முதற்சான்று. சில்லுகளின் புகழில் இச்சாதனை மறைந்துபோயிற்று என்பது என் கருத்து. ஆலோசகர் அவையின் பணிகளுள் எது தலையாயது என்று வினவினால், நான் இதையே முதலில் சுட்டுவேன்.

பிறர் வரைந்ததைச் செய்தல்

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங், 1985இல் தைவானின் ஆராய்ச்சி நிறுவனத் தலைமையை ஏற்க வந்தார். புதிய சில்லு நிறுவனம் ஒன்றுக்குத் திட்டம் தருமாறு லீ அவரிடம் கேட்டார். சாங் முதலில் தீவின் வலிமையையும் வலிமையின்மையையும் கணக்கிட்டார். வடிவமைப்பில் தைவான் பின்தங்கியிருந்தது, சந்தைப்படுத்தலிலும் அப்படியே. தேறிய ஒன்று உண்டு; அது பழுதின்றிச் செய்யும் திறன். மாதிரித் தொழிற்சாலை பத்தாண்டுகளாக மெய்ப்பித்து வந்த திறன் அது. ஆகவே, சொந்தமாகச் சில்லு எதையும் வடிவமைக்காமல், பிறர் வரைந்து தருவதைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையை அவர் முன்மொழிந்தார். அக்காலத்தில் சில்லு நிறுவனம் என்றால் வரைவதும் செய்வதும் ஒரே கூரையின்கீழ் நடக்க வேண்டும் என்பதே பொதுவான எண்ணம்.

பெரிய அமெரிக்க நிறுவனங்கள் முதலிட மறுத்தன. 1987இல் டி.எஸ்.எம்.சி. தொடங்கப்பட்டபோது, பாதிக்குச் சற்றுக் குறைவான முதலை அரசும், கால் பங்குக்குச் சற்று மிகுதியை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் அளித்தன. எஞ்சியதைத் தர உள்ளூர்ச் செல்வர்கள் தயங்கினர். ஆட்சியாளர் வற்புறுத்தியே பெற வேண்டியிருந்தது. தோற்றிருந்தால் மக்களின் வரிப்பணம் வீணாயிற்று என்ற பழி எஞ்சியிருக்கும். வென்ற பின்னர் அதைத் தொலைநோக்கு என்கிறோம். அன்று முடிவெடுத்தவர்களுக்கு இவ்விரண்டில் எது வரும் என்று தெரியாது.

மேசையில் இல்லாதோர்

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது பொருந்தாது. தைவானில் 1949 முதல் 1987 வரை படைத்துறைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மாற்றுக் கட்சிகளுக்கு இடமில்லை. இதழ்களுக்கு முழு உரிமை இல்லை. சிலர் கூடிப் பேசி விரைந்து முடிவெடுக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேகத்தை வியக்கும்போது அதன் விலையையும் கருத வேண்டும்.

குறிகள் தப்பவும் செய்தன. 1990களில் அரசுத் திட்டமொன்றின் பயனாக நினைவகச் சில்லு செய்யும் நிறுவனம் தொடங்கப்பட்டது. கொரியாவோடும் ஜப்பானோடும் போட்டியிட முடியாமல் அது இழப்புக்குள்ளாகி, இறுதியில் அத்தொழிலையே கைவிட்டுப் பிறருக்குச் செய்து தரும் தொழிலுக்கு மாறியது. வல்லுநரின் அறிவுக்கும் எல்லை உண்டு. ஆலோசகர் அவையில் மதிப்புக்குரியவராக விளங்கிய சைட்ஸ், பிற்காலத்தில் புவி வெப்பமாதல் குறித்த முடிவுகளை ஐயுற்று, காலநிலை அறிஞர் பலரின் மறுப்புக்கு ஆளானார். ஒரு துறையில் பெற்ற பெயர் மற்றொரு துறைக்குச் சான்றாகாது.

சில்லு நுட்பத்தைக் கற்பித்த அதே ஆர்.சி.ஏ. நிறுவனம், தாவோயுவான் பகுதியில் தொலைக்காட்சிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையையும் நடத்தி வந்தது. அங்குப் பயன்படுத்தப்பட்ட வேதிக் கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்திருந்தது 1994இல் வெளிப்பட்டது. அந்நீரைக் குடித்து வேலை செய்த தொழிலாளர் பலர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், புற்றுநோய்க்கு ஆளாயினர். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2015இல் நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர்களுக்காகப் பேச எந்த ஆலோசனை அவையிலும் ஒருவர் இருந்ததில்லை.

சில்லு செய்ய மிகத் தூய நீர் பெருமளவில் வேண்டும். ஒவ்வொரு படிநிலையிலும் தகட்டைக் கழுவ வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் தைவான் கரையை ஒரு புயலும் கடக்கவில்லை. புயல் கொண்டுவரும் மழையை நம்பியிருந்த நீர்த்தேக்கங்கள் வறண்டன. 2021இல் பல்லாயிரம் ஹெக்டேர் நெல்வயல்களுக்குப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. உழவர்களுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்து வயலைத் தரிசாக விடச் சொன்னது. சின்சு தொழிற்சாலைகளோ சரக்குந்துகளில் நீரை வரவழைத்து இயங்கின. பயிரிட முடியாத பருவத்துக்குப் பணம் கிடைத்தது என்றாலும், வாடிக்கையாளரையும் நிலத்தின் வளத்தையும் இழப்பதற்கு அது ஈடாகுமா என்று உழவர்கள் கேட்டனர்.